செக்ரட்டரியின் வெள்ளை பேன்ட்

தேவகனிக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அன்று சபைக் கமிட்டி அறைக்குள் நுழைந்தபோது இரண்டு காதும் மிளகாய்ப்பழமாக இருந்தன. இருக்காதா பின்னே? பதினெட்டு வருடமாக ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கிறவளைக் கள்ளி என்று எழுதி வைத்துவிட்டார்களே!

கருங்கல் ஊருக்குப் பக்கத்துச் சபை அது. திருவிருந்து ஞாயிறுக்குப் பெண்கள் எல்லோரும் வெள்ளைச் சேலை உடுப்பார்கள். பழசாகிப்போன அந்தச் சேலைகளைத்தான் தேவகனி வேலைக்கு உடுத்துவாள். வாரநாளில் ஆலய முற்றத்தில் வெள்ளைச் சேலை நடமாடினால் அது தேவகனி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதுவே அவளுக்கு வினையாக வந்தது.

வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைப்பார்கள். அந்தக் கைப்பிடி அரிசி சேர்ந்து ஒரு சாக்கு ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை சாக்கைக் காணோம். சாமான் அறைக் கேமராவைப் பார்த்தால், வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு சாக்கை இழுத்துப் போகிறாள். போதாதா? செக்ரட்டரி ஜேசுதாஸ் அவளிடமிருந்து சாவியைப் பிடுங்கினார். ஞாயிறு ஆராதனையில் சபையார் முன் அவள் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தீர்மானமும் எழுதினார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்குப் பேர் விசாரணையாம்!

"சாக்க எடுத்தது உங்களுக்க வீட்டுக்காரி ஷைஜாதான். கறுப்பு நைலக்ஸ் சேலை. நான் கிணத்தடியில நின்னு கண்ணால பாத்தேன். வெயில்ல காயப்போட எடுத்திருப்பான்னு நினைச்சேன்," என்றாள் தேவகனி ஜேசுதாஸிடம்.

பெண்கள் ஐக்கியத் தலைவி ஷைஜா மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஜேசுதாஸ் சிரித்தார். "கேமராவுல வெள்ளைச் சேலை. நீ கறுப்புங்க. கண்ணுக்கு ஆபரேஷன் செய்தவ பேச்ச நம்பணுமா? கேமரா கள்ளம் சொல்லாது, தேவகனி."

"அப்பம் அந்தப் படத்த முழுசாப் போடுங்க அண்ணே."

தன் போனில் போட்டார். சாக்கு போனபின் வெறும் அறை. அப்புறம் கதவு திறந்து ஒருவர் உள்ளே வந்து அங்குமிங்கும் தேடினார்.

"அது யாரு?"

"நான்தான். சாக்கத் தேடுதேன்."

"நீங்க எப்பம் வெள்ளை பேன்ட் தச்சிய?"

கமிட்டி மொத்தமும் ஜேசுதாஸின் காலைப் பார்த்தது. கூட்டம் என்றால் அவர் போடுகிற அதே கறுப்பு பேன்ட். படத்தில் அது பால்போல் வெளுத்துக் கிடந்தது.

போதகர் எழுந்து அவரைச் சாமான் அறைக்கே கூட்டிப்போய் நிற்கவைத்தார். ஜன்னல் சாத்திய அறைதான். ஆனாலும் வாசலில் நின்ற அத்தனை பேர் கண்ணுக்கும் பேன்ட் கறுப்பு. போனில் கேமராப் படத்தைப் பார்த்தால் வெள்ளை! மங்கலான இடத்தில் அந்தக் கேமரா நிறத்தை விட்டுவிட்டு, நம் கண்ணுக்குத் தெரியாத வேறொரு வெளிச்சத்தை அடித்துப் பார்க்கிறது. சில கறுப்புத் துணிகள் அந்த வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். ஆபரேஷன் செய்த கண்ணுக்குத் தெரிந்தது அதற்குத் தெரியவில்லை.

ஷைஜா அழத் தொடங்கினாள். அரிசியில் வண்டு விழுந்திருந்ததாம். புடைத்துச் சுத்தம் செய்யத் தம்பியின் மில்லுக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோனாளாம். வீட்டுக்காரர் கள்ளி, கள்ளி என்று ஊரைக் கூட்டியபிறகு வாய் திறக்கப் பயமாம். நல்ல பயம்! அடுத்தவள் மானம் போகும்போது மட்டும் வருகிற பயம்.

ஜேசுதாஸ் சாவியை நீட்டினார். "கேமரா ஏமாத்திப்போட்டு. மனசுல வைக்காத."

தேவகனி கையை நீட்டவில்லை. "கேமராவ ஏன் குறை சொல்லுதிய? அது போன மாசம் வந்தது, அதுக்கு என்னைத் தெரியாது. நீங்க பதினெட்டு வருஷமா என்னைப் பாக்குதிய. உங்களுக்க கண்ணு இவ்வளவு நாளும் என்னத்தப் பாத்துது?"

ஜேசுதாஸ் சாவியை இன்னும் கிட்டே நீட்டினார். தேவகனி அதைத் தள்ளிவிட்டாள்.

"அந்தத் தீர்மானம் அப்படியே கிடக்கட்டும். பேர மட்டும் மாத்துங்க. ஞாயிற்றுக்கிழமை நீங்களே வாசிங்க. பொறவு சாவியத் தாங்க."

ஞாயிறன்று ஜேசுதாஸ் வேட்டி கட்டி வந்தார். தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தான் மன்னிப்புக் கேட்பதாக முணுமுணுவென்று வாசித்தார். முன்வரிசையில் தேவகனி எழுந்து நின்றாள்.

"கேக்கல்ல அண்ணே. கொஞ்சம் உரக்க."