பூனாகலைச் சுவரில் மாயன் கலண்டர்

காலை ஆறு மணிக்குச் செங்கலடியில் பதுளை பஸ் ஏறினேன். மகாஓயா, பிபிலை வரை நல்ல வெயில். லுணுகலை தாண்டியதும் யன்னலை மூட வேண்டியிருந்தது. பதுளையில் சாப்பிட்டுவிட்டுப் பண்டாரவளைக்கு இன்னொரு பஸ் பிடித்தேன். அங்கிருந்து பூனாகலைக்கு ஆட்டோக்காரர் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கேட்டதால் மறுபடியும் பஸ்தான். தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறி, மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தது.

என்னோடு மட்டக்களப்பில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரின் உறவினர் செல்வம். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்து வளர்ந்தவர். சுற்றுலா வருபவர்களுக்காக வீட்டோடு சேர்த்து இரண்டு அறைகள் கட்டியிருந்தார். மறுநாள் பால் காய்ச்சித் திறப்பதாக இருந்தது. தங்க வந்தவர்களில் நான்தான் முதல் ஆள்.

முன்சுவரில் பெரிய வட்டப் படமொன்று பாதி முடிந்திருந்தது. நடுவில் நாக்கை நீட்டிய முகம், சுற்றிலும் வளையங்கள். பண்டாரவளையில் பெயர்ப்பலகை எழுதும் பலீல் நானா ஏணியில் நின்று வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். கீழே ‘மயன் இல்லம்’ என்று எழுதியாயிற்று.

தேநீர் கொடுத்துவிட்டுச் செல்வம் அந்தப் படத்தின் கதையைச் சொன்னார். 2012இல் அவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். மாயன் கலண்டர்படி டிசம்பர் 21ஆம் திகதி உலகம் அழியும் என்று எல்லோரும் பேசினார்கள். சாவதென்றால் அம்மாவோடு சாவோம் என்று பஸ் ஏறி வந்துவிட்டார். உலகம் அழியவில்லை. ஆனால் அம்மா நோயில் படுத்திருந்தார். செல்வம் திரும்பிப் போகாமல் பக்கத்திலேயே இருந்தார். பங்குனியில் அம்மா போய்ச் சேர்ந்தார்.

“அந்தக் கலண்டர் இல்லாட்டி நான் வந்திருக்கவே மாட்டேன் டீச்சர்” என்றார். “அதச் செஞ்ச மயனும் நம்ம ஆளுதானே.”

நான் வரலாறு படிப்பிப்பவள். சும்மா இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் மெக்சிகோ பக்கமிருந்து ஒருவர் வந்து அந்தச் சுவருக்கு முன்னால் சிரித்தால்? சொல்லிவிட்டேன்.

படத்தில் இருக்கும் அந்த வட்டக்கல் மாயர்களுடையதே அல்ல, பல நூற்றாண்டுகள் பிந்திய அஸ்டெக் மக்களுடையது. மாயர் என்ற பெயருக்கும் நம் புராணத்துச் சிற்பி மயனுக்கும் ஒலியில் மட்டும்தான் உறவு. கலண்டரும் அழிவு எதையும் சொல்லவில்லை. ஒரு பெரிய சுற்று முடிந்து அடுத்தது தொடங்கியது, அவ்வளவுதான்.

செல்வம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப அன்னைக்கு நான் பொய்ய நம்பியா வந்தேன்?”

பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் அவருடைய மனைவி புஷ்பா அப்போதுதான் வேலை முடிந்து வந்து வாசலில் நின்றிருந்தார். “எத நம்பி வந்தா என்ன? அத்தை முகத்தப் பாத்தீங்கல்ல” என்று கணவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “அந்த மாயன் ஆளுங்க எல்லாம் எப்பிடி அழிஞ்சு போனாங்க டீச்சர்?”

அழியவில்லை, இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்றேன். குவாத்தமாலா மலைகளில் இன்றும் அந்தப் பழைய முறையில் நாள் பார்ப்பவர்கள் உண்டு. நிறையப் பேர் கோப்பித் தோட்டங்களில் கூலிக்குப் பழம் பறிக்கிறார்கள்.

“கோப்பியா?” என்றார் செல்வம். “நம்ம ஆளுங்களயும் இந்தியாவிலருந்து மொதல்ல கோப்பித் தோட்டத்துக்குத்தானே கூட்டியாந்தாங்க.”

பலீல் நானா ஏணியிலிருந்து, வெள்ளை பூசிவிடவா என்று கேட்டார். குரலில் எரிச்சல் தெரிந்தது. இரண்டு நாள் உழைப்பு. செல்வம் தலையாட்டினார். பெயரையும் சேர்த்தே பூசச் சொன்னார். பிறகு, மாயர்கள் எண்களை எப்படி எழுதுவார்கள் என்று என்னிடம் கேட்டார். ஒன்றுக்கு ஒரு புள்ளி, இரண்டுக்கு இரண்டு, ஐந்துக்கு ஒரு கோடு என்றேன். இருட்டும் முன்பே ஓர் அறைக் கதவில் ஒரு சிவப்புப் புள்ளியும், மற்றதில் இரண்டும் ஏறிவிட்டன. இது சுலபமான வேலை என்றார் நானா.

மறுநாள் பால் பொங்கியது. வந்தவர்கள் எல்லாரும் புள்ளிகளைப் பற்றிக் கேட்டார்கள். செல்வம் கோப்பித் தோட்டத்துக் கதையைச் சொன்னார். அம்மாவின் கதையைச் சொல்லவில்லை.

அதற்கடுத்த நாள் காலை, பஸ் ஏற்றிவிடப் புஷ்பா வந்தார். காய்ச்சல் வந்த பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் அக்கறையாகக் கேட்டார்:

“டீச்சர், அங்க அந்த மாயன் ஆளுங்க பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல எந்தப் பாஷையில படிக்குதுங்க?”

தெரியாது என்றேன். கல்வெட்டு, எண் முறை, நாட்கணக்கு எல்லாம் படித்திருந்த எனக்கு அதைக் கேட்கத் தோன்றியதே இல்லை.

“தெரிஞ்சா சொல்லுங்க” என்று தன் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தார் புஷ்பா. பஸ் கிளம்பியதும் கைபேசியில் தேடத் தொடங்கினேன். முதல் வளைவிலேயே சிக்னல் போய்விட்டது. வெளியே கொழுந்து பறிக்கும் பெண்கள் மலைச்சரிவில் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கேள்வியோடுதான் வந்தேன்.