இரண்டு எல் அட்டைகள்

லைசென்ஸ் இல்லாதவர்களின் வண்டியை இனி கேட்டுக்குள் விட மாட்டோம் என்று எங்கள் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். சூளகிரியிலிருந்து வருடக்கணக்காக லைசென்ஸ் இல்லாமலே பைக்கில் போய் வந்தவன் நான். அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் என் மனைவிக்கோ ஸ்கூட்டர் ஓட்டும் ஆசை. இருவரும் பழகுநர் லைசென்ஸுக்கான எல்.எல்.ஆர். தேர்வுக்குப் பதிவு செய்தோம்.

அவள் சமைக்கும்போதுகூடப் படித்தாள். "ஏங்க, மேட்டுல எதிரெதிரா வண்டி வந்தா எந்த வண்டிக்கு வழி விடணும்?"

"பெரிய வண்டிக்கு." லாரிகளுக்கு ஒதுங்கியே பழகியவன் நான்.

"ஏறி வர்ற வண்டிக்குங்க" என்று சிரித்தாள்.

சுருக்கென்றது. ஹேண்டில்பாரைக்கூடப் பிடித்தறியாதவள் எனக்குச் சொல்லித் தருகிறாள். அவள் ஃபெயிலாக வேண்டும் என்று சாமியிடமே வேண்டிக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் தேர்வில் எனக்கு அதே கேள்வி வந்தது. சரியான விடை தெரியும். ஆனால் அது அவள் சொன்ன விடை. 'பெரிய வண்டி' என்பதையே அழுத்தினேன். ஒரு மார்க்கில் ஃபெயில். அவள் பாஸ்.

திரும்பும் பஸ்ஸில் பையைத் திறந்து, வெள்ளை அட்டையில் சிவப்பு டேப்பை 'எல்' போல ஒட்டிய இரண்டு அட்டைகளை எடுத்தாள்.

"போன வாரமே செஞ்சேன். ஒண்ணு எனக்கு, இது உங்க பைக்குக்கு. மறுபடி எழுதுனா பாஸாயிடுவீங்க, வெச்சிக்குங்க."

போன வாரம்தான் நான் சாமியிடம் அப்படி வேண்டி நின்றது. சூளகிரி வரும்வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது லைசென்ஸே வாங்கிவிட்டேன். அந்த அட்டையை மட்டும் பைக்கிலிருந்து பிரித்தெடுக்க மனம் வரவில்லை.