0.9 என்றால் தொண்ணூறு

சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கடைகளில் யாரும் விலை கேட்பதில்லை. தள்ளுபடி எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். மேசைக்குப் பின்னால் நின்று தொண்டை வறண்டுபோன கடைக்காரர்களான உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அந்தப் பாக்கியம் இந்த சீசனில்தான் வாய்த்தது.

அதுவரை கடையின் குடோனில் இருந்தேன். வருகிற பெட்டி, போகிற பெட்டி இரண்டையும் எண்ணுவது என் வேலை. எட்டாவதோடு நின்ற படிப்புக்கு அது போதும். மேலும், பெட்டி திருப்பிக் கேள்வி கேட்காது. ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

தீபாவளிக்கு முன்னால் முதலாளியின் மருமகன் ஒரு புது பில் மெஷின் கொண்டுவந்து வைத்தார். மொத்தத் தொகை சரியாகத்தான் வந்தது. ஆனால் வாசல் போர்டில் 90 சதவீதம் தள்ளுபடி என்று இருக்க, பில்லில் ‘தள்ளுபடி 0.9’ என்று அடித்தது. புள்ளியை வலப்பக்கம் இரண்டு இடம் தள்ளிப் படிக்க வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. கணக்கில் பிசகாதவன் என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மெஷினைச் சரி செய்ததும் குடோனுக்கே போய்விடலாம் என்றார் முதலாளி. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் உட்கார்ந்திருந்தேன்.

நூறு கம்பி

மதுரையிலிருந்து வந்தவர் ஒருவர் பில்லை என் மூக்குக்கு நேரே நீட்டினார். “போர்டுல தொண்ணூறு. பில்லுல ஒண்ணுகூட முழுசா இல்லையே?”

வாயால் விளக்க வராததால் கையால் விளக்கினேன். பத்துப் பெட்டிக் கம்பி மத்தாப்பைப் பிரித்து, நூறு கம்பியையும் மேசையில் வரிசையாக அடுக்கினேன். தொண்ணூறை ஒரு பக்கம் ஒதுக்கி, “இம்புட்டும் தள்ளுபடி. இந்தப் பத்துக்கு மட்டும்தான் நீங்க காசு தர்றீக” என்றேன். எனக்கே திருப்தியாக இருந்தது. அவர் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்லது அண்ணாச்சி. அந்தப் பத்தை நீங்களே வச்சுக்கங்க. தள்ளுனதை மட்டும் பையில போடுங்க.”

ஒரு சைபர்

விருதுநகர் மிளகாய் வியாபாரி ஒருவருக்குச் சண்டை வேறு விதமாக வந்தது. பில்லில் வரி 0.18 என்றும் தள்ளுபடி 0.9 என்றும் இருந்தது. “வாங்குறது பதினெட்டு, விடுறது வெறும் ஒம்பதா? நானும் யாவாரிதானே!” என்றார்.

0.9 என்பதும் 0.90 என்பதும் ஒன்றுதான் என்று சொல்லி, பேனாவை எடுத்து ஒன்பதுக்குப் பக்கத்தில் ஒரு சைபர் போட்டுக் காட்டினேன். ஒன்பது தொண்ணூறானதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். நான் பேனாவை மூடப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: “மூடாதீக அண்ணாச்சி, இன்னும் ஒண்ணே ஒண்ணு போடுங்க.”

ஏழாயிரம்பண்ணை வேன்

போனஸ் வாங்கிய கையோடு, ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். அதற்குள் எனக்குப் பேச்சு கொஞ்சம் பழகியிருந்தது. ஒரு பூச்சட்டிப் பெட்டியை எடுத்து, அச்சடித்த விலையைக் காட்டி, புள்ளியைத் தள்ளி, தொண்ணூறைக் கழித்து, தடங்கலில்லாமல் சொல்லி முடித்தேன்.

முன்னால் நின்ற பெண் முழுவதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அந்த விலைச் சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். அடியில் இன்னொரு சீட்டு இருந்தது. அதில் விலை பாதிக்கும் கீழே. கூட வந்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். “ஏத்தி ஒட்டுனவளே நான்தான் அண்ணாச்சி. எனக்கே இறக்கிக் காட்டுதீகளே!”

மருமகன் வந்தார்

தீபாவளிக்கு முந்தின வாரம் மருமகன் லேப்டாப்போடு வந்தார். ஐந்து நிமிட வேலை என்றார். நான் கண்ணாடியை மடித்துப் பையில் வைத்து, குடோன் சாவியையும் கையில் எடுத்துக்கொண்டேன்.

அப்போது என் மேசையைச் சுற்றி நல்ல கூட்டம். கூட்டத்தைக் கண்டதும் பழகிய பேச்சும் போய், ஒருவருக்கு நான் திக்கித் திணறி விளக்க, மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்த்தவர்கள் சும்மா நிற்கவில்லை. பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு சங்குசக்கரம், ஒரு சாட்டை என்று கூடையில் போட்டுக்கொண்டே நின்றார்கள். முதலாளி கூட்டத்தைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். மருமகன் கையில் ஒரு காப்பியைக் கொடுத்து லேப்டாப்பை மூடச் சொன்னார். “மெஷினை யாரு வேணாலும் சரி பண்ணிரலாம் மாப்ளே. அண்ணாச்சி மாதிரி முழிக்கதுக்கு வேற ஆளு எங்கன கிடைக்கும்?”

நான் இனிக் குடோனுக்குத் திரும்ப உள்ள வாய்ப்பு 0.0, புள்ளியை எந்தப் பக்கம் எத்தனை இடம் தள்ளினாலும் மாறாத இந்த ஒரு கணக்கை மட்டும் நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.