வாயுள்ள பிள்ளை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என்னைப் பார்த்து அதைச் சொல்லாத ஆள் எங்கள் தோட்டத்தில் கிடையாது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், குறை சொல்லக் கூடாது. ஆனால் என் வாயால் பிழைத்தவர்களை வரிசையில் நிறுத்தினால் அதில் என்னைக் காணமுடியாது.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருக்கிறேன். பெயருக்குத்தான் கிளாக்கர். உண்மையான வேலை பேசுவது. தோட்டத்தை நடத்தும் பெரிய துரை சிங்களவர், தமிழ் வராது. கொழுந்து எடுக்கும் பெண்களுக்குக் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம் வரும். நடுவில் நான் நிற்கிறேன்.

வாங்கியதை அப்படியே கொடுப்பது என் வழக்கமில்லை. விடிந்ததும் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் துரை கத்துவார், "இந்த எருமைகளுக்கு இன்னுமா விடியல?" நான் திரும்பி, "கொஞ்சம் நேரத்தோட வரப் பாருங்கன்னு சொல்றாரு" என்பேன். கூட்டத்துக்குள்ளிருந்து ஒருத்தி விடமாட்டாள். "ஆமா, இவரு மட்டும் குளுருல எந்திரிச்சு அடுப்பு மூட்டி, புள்ளைகள குளிப்பாட்டிட்டு வந்தாராக்கும்! இந்த மனுசனுக்கு வாயப் பாரு!" நான் துரையிடம் சிங்களத்தில், "குளிர் அதிகமாக இருக்கிறதாம் சேர், வீட்டு வேலை முடிக்கத் தாமதமாகிறதாம்" என்பேன். துரை தலையாட்டுவார். பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறுவார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்கு அப்படியே போய்ச் சேர்ந்திருந்தால் எங்கள் தோட்டம் என்றைக்கோ இழுத்து மூடப்பட்டிருக்கும்.

இந்த நாற்காலியில் நான் மாட்டிய கதையைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். துரைக்கும் ஆட்களுக்கும் நடுவில் பேச டவுனிலிருந்து வந்த ஒரு கிளாக்கர் இருந்தார். நல்ல சட்டை போடுவார், நல்ல சிங்களம் பேசுவார். ஒருநாள் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருத்தி போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து, "முடியலைங்க தொர" என்று நின்றாள். எங்கள் பக்கத்தில் முடியல என்றால் உடம்புக்குச் சுகமில்லை என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பெரிய மனிதர் அதைச் சிங்களத்தில் "மாட்டேன்" என்று ஆக்கிக் கொடுத்தார். துரைக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "மாட்டேனா? யாரிடம் சொல்கிறாள்? ஒரு வாரத்துக்கு வேலையை நிப்பாட்டு!"

அக்கா ஒன்றும் விளங்காமல் நடுங்கிக்கொண்டு நின்றாள். நான் மூலையிலிருந்து வாயைத் திறந்தேன். "சேர், அவங்க மாட்டேன்னு சொல்லல. காய்ச்சல்னு சொல்றாங்க. தொட்டுப் பாருங்க, கொதிக்குது." சொன்ன பிறகுதான் எழுந்து நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. மறு மாதம் டவுன்காரர் வேறு தோட்டத்துக்குப் போனார். என் நாற்காலி துரையின் மேசைக்குப் பக்கத்தில் வந்தது. அதற்குப் பிறகு அது நகரவே இல்லை.

துரை கெட்டவர் இல்லை. அவசரக்காரர். ஆரம்பத்தில் நான் ஒவ்வொரு பேச்சையும் "அவங்க சொல்றாங்க" என்று முடிப்பேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "அவங்க சொல்றாங்க, அவங்க சொல்றாங்கன்னு இழுக்காதே. அவங்க பேசுற மாதிரியே நேரா சொல்லு" என்றார். சரி என்று அப்படியே பழகிக்கொண்டேன். அன்றிலிருந்து நான் ஊர்ப்பட்ட "நான்" ஆகிவிட்டேன். ஒரே காலையில் எனக்குக் காய்ச்சல் வரும், என் லயத்து வரிசை வீட்டுக் கூரை ஒழுகும், என் மகள் பெரியவளாகிவிடுவாள், என் புருஷன் குடித்துவிட்டு வந்து என்னைப் போட்டு அடிப்பான். என் புருஷன் பாவம், தேத்தண்ணியைத் தவிர ஒன்றையும் குடிக்காத மனுஷன். துரை நான் பேசும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்குப் பின்னால் நிற்கும் முகத்தைத்தான் பார்ப்பார். அவரைப் பொறுத்தவரை பேசுவது அந்த முகம்தானே.

தேத்தண்ணி குடிக்கும் அந்த மனுஷன் பதுளை பசாரில் ஓர் இரும்புக் கடையில் வேலை செய்கிறார். எங்கள் மகளும் அவரோடு அங்கே ஒரு வாடகை வீட்டில் இருந்து படிக்கிறாள். இங்கே மேலே நல்ல பள்ளிக்கூடம் இல்லையென்று நாங்கள்தான் அனுப்பினோம். நான் சனிக்கிழமை பஸ் பிடித்து இறங்குவேன், ஞாயிறு பின்னேரம் ஏறிவிடுவேன். மழைக்கு ரோட்டில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. விடியக்காலைப் பெரட்டுக்குப் பதுளையிலிருந்து வந்து சேர வழி இல்லை. வேலையை வீசிவிட்டுப் போகலாம் என்றால் அந்த வாடகையே என் சம்பளத்தில்தான் போகிறது. கொம்பனிக்குப் பதுளையில் ஓர் ஆபீஸ் இருக்கிறது. அங்கே மாற்றல் கிடைத்தால் ஒவ்வொரு பின்னேரமும் என் பிள்ளைக்கு நான் சோறு போடுவேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

கேட்காமல் இருந்தேனா? வருஷா வருஷம் கேட்டேன். "முடிஞ்சா பாருங்க சேர், என்னைப் பதுளைக்கு மாத்தி விட" என்று கேட்டேன். சிங்களத்தில்தான் கேட்டேன், ஆனால் நினைத்தது தமிழில். எங்கள் சனம் "முடிஞ்சா பாருங்க" என்றால், எனக்கு வேறு போக்கிடம் இல்லை, உன்னை விட்டால் யாரும் இல்லை என்று பொருள். சிங்களத்தில் அது வெறும் "முடிந்தால்" ஆகிவிடுகிறது. முடிந்தால் செய், முடியாவிட்டால் போ. துரை சிரித்துக்கொண்டு, "பலமு" என்பார். பார்ப்போம் என்கிறார். எந்தப் பாஷையிலும் பார்ப்போம் என்றால் பார்க்கமாட்டோம் என்றுதான் அர்த்தம்.

என்ன வயிற்றெரிச்சல் என்றால், இதே சொல்லை மற்றவர்களுக்காக நான் எப்படிப் பேசுகிறேன்? ஒருத்தி வந்து, "முடிஞ்சா அந்தக் கூரைத் தகரத்த மாத்திக் குடுக்கச் சொல்லுங்க மிஸ்" என்பாள். நான் துரையிடம், "உடனே மாத்தணும் சேர், இல்லேன்னா நாளைக்கு இந்த லயத்திலிருந்து யாரும் மலைக்கு வரமாட்டாங்க" என்று போடுவேன். தகரம் வரும். ஊராருக்குப் புலியாகப் பாய்கிற நாக்கு எனக்கென்று வந்தால் பூனைக்குட்டியாகச் சுருண்டுகொள்கிறது. பிறந்தது லயம். துரைக்கு முன்னால் "எனக்கு வேணும்" என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னது கிடையாது.

நடுவில் கொம்பனி எங்களைப் பதுளைக்கு அழைத்துப் போய் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் வகுப்பு வைத்தது. தொடர்பாடல் திறனாம். டை கட்டிய ஒரு தம்பி மேடையில் அங்கும் இங்கும் நடந்துகொண்டே, "நான் என்று ஆரம்பியுங்கள், தைரியமாகக் கேளுங்கள், கேட்டால் கிடைக்கும்" என்றார். அட ராசா, எங்கள் துரைக்கு முன்னால் வந்து ஒருதரம் சொல்லிக் காட்டேன் என்று எனக்கு வாய்வரை வந்தது. அதற்குள் என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சண்டையைத் தீர்த்து வைக்கச் சொன்னார். தீர்த்து வைத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். கொடுத்த சான்றிதழைத் துரை கண்ணாடி போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டிவிட்டார். வருகிற போகிற விருந்தாளிகளிடமெல்லாம், "இவங்கதான் நம்ம தோட்டத்து வாய்" என்று காட்டுவார். யாராவது தன் வாயைக் கழற்றிப் பதுளைக்கு அனுப்புவார்களா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மண் சரிந்து பஸ் இல்லாததால் நான் இறங்கவில்லை. மகள் போனில் பேசினாள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியாம், இவளைத் தெரிந்தெடுத்திருக்கிறார்களாம். வார நாளில் நடக்கிறதாம். சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் சொன்னாள், "முடிஞ்சா வாங்கம்மா. இல்லாட்டிப் பரவாயில்ல."

பெற்ற தாயிடம் ஒரு பிள்ளை முடிஞ்சா என்று கேட்குமா? அடம் பிடிக்க வேண்டிய வயசு. வந்தே ஆகணும் என்று காலை உதைத்து அழ வேண்டிய வயசு. என்னிடமிருந்துதான் இந்தப் பாழாய்ப்போன சொல்லைப் படித்திருக்கிறாள். "வர்றேன்டி தங்கம், கட்டாயம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்து, அப்படியே அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அதே சமயம் பதுளை ஆபீசில் ஓர் இடம் காலியாகியிருந்தது. பேசத் தெரிந்த ஆள் வேண்டுமென்று என்னையே பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்களாம். எங்கள் பெரிய கிளாக்கர்தான் எனக்குச் சொன்னார். விடுவதும் விடாததும் துரை கையில். நாளை காலை முடிஞ்சாவும் இல்லை, கிடிஞ்சாவும் இல்லை, நேராகக் கேட்பது என்று முடிவு செய்தேன். சிங்களத்தில் நல்ல கறாரான சொற்களாகப் பொறுக்கி எடுத்துச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பெரிய கிளாக்கர் என்னிடம் சொன்னதைத் தன் மனைவியிடமும் சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரிந்தால் லயத்துக்குத் தெரிந்த மாதிரி.

காலையில் பெரட்டு முடிந்து ஆபீசுக்கு வந்தால் வாசல் நிறையப் பெண்கள். கூடையோடு நிற்கிறார்கள், மலைக்குப் போகவில்லை. முன்னால் அந்தக் காய்ச்சல்கார அக்கா. அவள் இப்போது மாதர் சங்கத் தலைவி. துரை என்னைக் கண்டதும், "வா வா, என்னன்னு கேளு. கொழுந்து முத்திப்போகுது, இவங்க இங்க நிக்கிறாங்க" என்றார்.

நான் வழக்கம்போல் துரைக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றேன். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள், என்னையல்ல, எனக்குப் பின்னால் இருந்த துரையை.

"தொர, எங்க மிஸ்ஸ பதுளைக்கு அனுப்பப் போறதா கேள்விப்பட்டோம். அவங்க போயிட்டா எங்களுக்கு வாய் ஏது? அன்னைக்கு அவங்க மட்டும் பேசலைன்னா என் குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும். முடிஞ்சா அவங்கள இங்கயே வச்சுக்கங்க சாமி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் அதே சிரிப்பு. பாவிகளா, என் தலையில் மண்ணை அள்ளிப் போட இவ்வளவு பாசமாகவா வருவீர்கள்!

மாற்றிச் சொல்லியிருக்கலாம். கூரை ஒழுகுகிறதாம் என்று சொல்லியிருக்கலாம். இத்தனை காலம் எத்தனை பேச்சை மழுப்பியிருக்கிறேன், இந்த ஒன்றை மழுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்த அக்காவின் கும்பிட்ட கை இன்னும் இறங்கவில்லை. நான் துரையின் பக்கம் திரும்பி முழுவதையும் சொன்னேன். "எங்க மிஸ்ஸ அனுப்பாதீங்க சேர். அவங்க இல்லேன்னா எங்களுக்கு வாய் இல்ல. அவங்க கட்டாயம் இங்க இருக்கணும்." முடிஞ்சாவை வழக்கம்போல் கட்டாயம் ஆக்கினேன். என்னைப் பற்றி நானே "அவங்க" என்று சொன்னேன்.

துரை என் தோளுக்கு மேலாக அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார்.

இப்போது விட்டால் எப்போதும் இல்லை. பொறுக்கி வைத்த நல்ல சொல் ஒன்றும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன், சிங்களத்தில்தான். "நான் போகணும் சேர். என் பிள்ளை அங்க இருக்கு. என்னால இதுக்கு மேல இங்க இருக்க முடியாது."

துரையின் கண் என் தோளுக்கு மேலேயே இருந்தது. ஒவ்வொரு முகமாகத் தேடினார்.

"யாரு அது? எந்தப் பொம்பளைக்குப் போகணுமாம்?"

"நான்தான் சேர்."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். நிஜமாகவே திகைத்துப் போனார். ஏதோ சொல்ல வந்தார். வெளியே கொழுந்து லொறியின் ஹோர்ன் அடித்தது. அவர் மணியைப் பார்த்தார், வாசலில் நின்ற கூடைகளைப் பார்த்தார்.

"சரி சரி, உன் விஷயத்த அப்புறம் பேசுவோம். பலமு. முதல்ல இவங்கள மலைக்கு அனுப்பு. நீ போகமாட்டேன்னு சொல்லு, போதும்."

பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தொர என்னா சொல்றாரு மிஸ்?"

அவர்கள் பக்கம் திரும்பினேன். துரை சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

"நான் போகல."

வாசல் கலகலவென்று ஆகிவிட்டது. சிலர் கை தட்டினார்கள். அக்கா ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், அவள் கண் நிறைந்திருந்தது.

"தொர சொன்னா நம்ப மாட்டோம் மிஸ்" என்றாள். "நீங்களே ஒங்க வாயால சொல்லிட்டீங்க. அது போதும் எங்களுக்கு."