எத்தனை தடவை போவீங்க, சார்?

லிஃப்ட் மெக்கானிக்கின் இரண்டு கையிலும் கிரீஸ். மொட்டை மாடிக்கு மேலே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் மோட்டார் அறையில் குத்துக்காலிட்டு பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. சுண்டுவிரலால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், டிராவல் இன்ஷூரன்ஸ்ல இருந்து பேசறேன். உங்களுக்கு எல்லாம் ரெடி. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒரு தடவை போயிட்டு வர்றதுக்கு மட்டும் போடட்டுமா, இல்ல வருஷம் முழுக்க எத்தனை தடவை வேணும்னாலும் போற மாதிரி போடட்டுமா?"

"அதை எப்படிம்மா நான் சொல்றது?"

"நீங்கதானே சார் போறீங்க!"

அந்தப் பெண் கேட்டதில் தப்பில்லை. சாயங்காலம் நேரில் வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார். பிறகு வெகுநேரம், கழற்றிய திருகாணி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். அது அவருடைய உள்ளங்கையிலேயே இருந்தது.

அவர் போவது அக்காவைப் பார்க்க. கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன அக்கா. அங்கே ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் ஆவியிலும் வெந்நீரிலும் கைரேகை அழியும்வரை வேலை பார்த்து, மகளைப் படிக்கவைத்து, அத்தானைக் கடைசியாக வழியனுப்பி, சரி, இனி உட்காரலாம் என்று நினைத்தபோது வயிற்றில் கட்டி என்றார்கள். இப்போது அது நுரையீரல்வரை வந்துவிட்டது. இனி மருந்து கொடுத்துப் படுத்த வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அக்கா மகள் இதைப் போனில் சொன்னபோது இன்னும் எவ்வளவு நாள் என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தில் அப்படித்தான். யாருக்கு என்ன வந்தாலும் 'முடியல' என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார்கள். மற்றதெல்லாம் அவரவர் மனசுக்குள்.

காப்பீடு இல்லாமல் வரவே கூடாது என்றும் அவள்தான் சொல்லியிருந்தாள். மாமாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அந்த ஊரில் வெளிநாட்டுக்காரன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுத்தால் வீட்டை விற்றுத்தான் எழுந்து வரவேண்டும்.

சாயங்காலம் அலுவலகத்தில் கண்ணாடி போட்ட அந்தச் சின்னப் பெண் பொறுமையாகவே விளக்கினாள். "ஒரு பயணத்துக்கு மட்டும்னா, ஆறு மாசம் வரைக்கும்கூட அங்கேயே இருக்கலாம் சார். ஆனா திரும்பி வந்துட்டா அதோட முடிஞ்சது. வருஷத்துக்குன்னா எத்தனை தடவை வேணும்னாலும் போகலாம், வரலாம். ஆனா ஒவ்வொரு தடவையும் முப்பது நாள்தான். நீட்டிக்க முடியாது."

அவர் தலையாட்டினார். முப்பது நாள் என்றது காதில் விழாமல் இல்லை. ஆனால் மனசு வேறு எங்கோ இருந்தது. லிஃப்டுகளுக்கு வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் பிடித்துக் கொடுப்பதும் அவருடைய தொழிலில் பாதி. எத்தனையோ கட்டடக்காரர்களிடம் அவர் பேசிய பேச்சு ஒன்று உண்டு: "ரிப்பேர் ஆனா கூப்பிட்டுக்கலாம்னு சொல்றவரு, இந்த லிஃப்ட் நாளைக்கே நின்னுடும்னு நினைக்கிறவரு சார். ஓடும்னு நம்பறவருதான் வருஷத்துக்குப் போடுவாரு." அந்த ஒப்பந்தத்திலும் கீழே பொடி எழுத்தில் பத்து நிபந்தனை இருக்கும். யார் அதைப் பார்த்தார்கள்? மெக்கானிக் வந்தால் வேலை முடியும்வரை இருந்துவிட்டுத்தான் போவான். இதுவும் அப்படித்தானே இருக்கும்.

"பொதுவா ரெண்டு தடவைக்கு மேல போறவங்க வருஷத்துக்கு எடுத்துடுவாங்க. நீங்க எத்தனை தடவை போவீங்க, சார்?"

அவர் அக்கா மகளைப் போனில் கூப்பிட்டார்.

"சொல்லுங்க மாமா."

"ஒண்ணுமில்லம்மா. இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல இருக்கேன். இந்த வருஷம் நான் எத்தனை தடவை வர வேண்டியிருக்கும்னு கேக்கறாங்க."

கேட்டு முடித்த பிறகுதான், தான் கேட்டது என்ன என்று அவருக்கு உறைத்தது. அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"மாமா..." என்றாள்.

"இல்லம்மா, சும்மா ஒரு பேச்சுக்கு—"

"யாருடி அது? அவனா? குடு இப்படி." அக்காவின் குரல் நூலாக இளைத்திருந்தது. அதட்டல் மட்டும் இளைக்கவில்லை. "என்னடா?"

"ஒரு தடவைக்கு எடுக்கறதா, வருஷத்துக்கு எடுக்கறதான்னு கேக்கறாங்கக்கா."

"ஏன், ஒரு தடவை மூஞ்சியைக் காட்டிட்டு ஓடிடலாம்னு பாக்கறியா?"

"ஐயோ, இல்லக்கா."

"அப்புறம் என்ன கேள்வி? வருஷத்துக்கு எடு, கஞ்சப்பயலே."

எதிரே அந்தப் பெண் கீபோர்டில் விரல் வைத்துக் காத்திருந்தாள். அக்காவின் குரல் அவளுக்கும் கேட்டிருந்தது. "வருஷத்துக்கே போட்டுடும்மா" என்றார்.

வீட்டில் மனைவி காகிதங்களை விளக்குப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு படித்தாள். "ஏங்க, ஒரு தடவைக்கு முப்பது நாள்தான்னு போட்டிருக்கு. நீங்க கூடவே இருக்கத்தானே போறீங்க? இப்பவே போய் மாத்திட்டு வந்துடுங்க."

"அக்காதான் வருஷத்துக்கு எடுக்கச் சொல்லிச்சு."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "அண்ணியேவா சொன்னாங்க?" என்றாள். பிறகு காகிதத்தை மடித்து அவருடைய சட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியை மூடினாள்.

அங்கே போனபோது அக்காவை ஹாலில் போட்டிருந்தார்கள். சோபாவைக் கார் நிறுத்தும் இடத்துக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில். அதன் தலைப்பக்கத்தை உயர்த்தும் கைப்பிடி வழுக்கிக்கொண்டே இருந்தது.

"ஊர்ல அத்தனை மாடிக்கு ஆளைத் தூக்கிவிடறான், என் தலையைத் தூக்கிவிட இவனால முடியல பாரு" என்றாள் அக்கா. பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் கட்டிலுக்கு அடியில் படுத்து அன்று மதியத்துக்குள் கைப்பிடியைச் சரிசெய்தார். அடுத்து குளியலறைக் கதவின் கீல். அதற்கடுத்து சமையலறைக் குழாய். சரிசெய்ய வேண்டியதெல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோயிற்று. பிறகு அவருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அக்கா தூங்கும்போது எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். விழித்துக்கொண்டால் தலைப்பக்கத்தை உயர்த்துவார். "போதும், போதும், உட்கார வச்சுட்டியே" என்பாள். இறக்குவார்.

அக்கா கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதைக் குறைத்தாள். பேச்சும் குறைந்தது. ஆனால் போய்விடவில்லை. எல்லோரும் அதைத்தான் விரும்பினார்கள். முப்பதாவது நாள் பக்கத்தில் வரவர, அவர் மட்டும் அதை நினைத்துப் பயந்தார். பயந்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

தோட்டத்துக் கடைசியில் நின்றுகொண்டு காப்பீட்டுப் பெண்ணுக்குப் போன் செய்தார்.

"நீட்டிக்க வழியில்ல சார். அங்கே இருந்துக்கிட்டே எங்ககிட்ட புதுசா எடுக்கவும் முடியாது. நீங்க இங்கே வந்துட்டுத் திரும்பப் போகணும். நான் அன்னைக்கே சொன்னேனே, சார்."

"ஆமாம்மா, நீ சொன்னதுதான். நான்தான்..." என்று இழுத்து, வைத்துவிட்டார்.

காப்பீடாவது ஒன்றாவது, இருந்துவிடுவோம் என்றுதான் முடிவு செய்தார். அக்கா மகளும் "இருங்க மாமா" என்றாள். இரண்டு நாள் கழித்து மாடிக்குத் துணி எடுத்துக்கொண்டு ஏறியவர் பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். மாத்திரையை நாக்குக்கு அடியில் போட்டதும் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அக்காவின் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் அக்கா மகள் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க."

"என்னம்மா?"

"போயிட்டு உடனே வந்துடுங்க. ஒரே வாரம். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அம்மாவைப் பாப்பேனா, உங்களைப் பாப்பேனா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் கண்ணுக்குக் கீழே கரி பூசினாற்போல் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பி வருவதற்கும் சேர்த்தே டிக்கெட் போட்டார்கள்.

அக்காவிடம் சொல்வதுதான் பாடாக இருந்தது. "ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்துடறேன்க்கா."

"எதுக்குடா?"

"இந்த இன்ஷூரன்ஸ்ல ஒரு தடவைக்கு இத்தனை நாள்தானாம்."

அக்கா கூரையைப் பார்த்தாள். "நான்தானே அதை எடுக்கச் சொன்னேன்."

"அதெல்லாம் இல்லக்கா, நானாத்தான் எடுத்தேன்."

"பொய் சொல்லாதே. எனக்கு என்னடா தெரியும், நான் என்ன ஏஜெண்டா? ஏதோ வீம்புக்குச் சொன்னேன். நீயாவது கேட்டிருக்கக் கூடாது."

"எப்பக்கா நீ சொல்லி நான் கேக்காம இருந்திருக்கேன்?"

"மக்குப்பய" என்றாள் அக்கா. அவருடைய கட்டைவிரலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடியில் பலம் இல்லை. அவரால்தான் அதிலிருந்து விரலை எடுக்க முடியவில்லை.

விடியலில் டாக்ஸி வந்தபோது அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பலாமா என்று மகளைப் பார்த்தார். ராத்திரி முழுக்க வலி, இப்போதுதான் கண் அசந்தாள் என்பதை அவள் கைச்சாடையிலேயே சொன்னாள். அவர் கட்டில் பக்கத்தில் போய் நின்றார். தலைப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்ததுபோலத் தோன்றியது. தொட்டால் விழித்துக்கொள்வாளோ என்று தொடவில்லை. வெளியே டாக்ஸிக்காரர் மெதுவாக ஒரு ஹாரன் அடித்தார்.

செவ்வாய்க்கிழமை, ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தபோது மாப்பிள்ளை கூப்பிட்டார். மகள் பேசவில்லை, மாப்பிள்ளை பேசினார். அதிலேயே தெரிந்துவிட்டது. முந்தின விமானம் எதிலும் இடம் கிடைக்கவில்லை. இவருக்காக எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? நடத்திவிடுங்கள் என்று அவரே சொன்னார்.

வெள்ளிக்கிழமை டிக்கெட்டில் போனார். ஹாலில் கட்டில் இல்லை. வாடகைக்கு விட்டவர்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். சோபாவைப் பழைய இடத்தில் போட்டிருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அக்கா மகள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எத்தனை நாள் இருப்பீங்க மாமா?"

"முப்பது நாள் வரைக்கும் இருக்கலாம்மா" என்றார் அவர்.