நடுவில் ஒரு வெள்ளைப் பட்டன்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் நேபாளத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். போட்டோவில்தான். அம்மா பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவளும் கதவோடு ஒரு பக்கம் போய்விட்டுத் திரும்பி வருவாள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். சிரிக்க மாட்டாள். "நம்ம பொண்ணு" என்று அம்மா சொல்வாள். நம்ம பொண்ணு என்றால் ஏன் நம்ம வீட்டில் தூங்குவதில்லை என்று நான் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளே, உங்களைப் போலத்தான் நானும் கேள்வி கேட்டு எல்லோர் உயிரையும் வாங்கியவன்.

அப்போது அமெரிக்காவில் சுகர் லேண்ட் என்ற ஊரில் நாங்கள் இருந்தது வாடகை வீடு. அப்பாவுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. அப்பாவின் தம்பி, அதாவது என் சித்தப்பா, ஒரு எண்ணெய்க் கம்பெனியில் வேலை செய்துகொண்டு எங்களோடு தங்கியிருந்தார். வார நாளெல்லாம் கம்பெனி, சனி ஞாயிறில் நேபாளம். அப்படித்தான் அம்மா கிண்டல் செய்வாள்.

சித்தப்பா கோயம்புத்தூரில் காலேஜ் படித்தபோது ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு நேபாளத்துக்காரர் சமைத்தார். பையன்கள் எல்லோரும் அவரை பகதூர் என்று கூப்பிடுவார்களாம். அது அவர் பெயரே இல்லை. சித்தப்பா மட்டும் அண்ணா என்பார். சித்தப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது தனியாகக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அவர்தான். பிறகு அவர் தன் மலை ஊருக்கே போய்விட்டார். சித்தப்பா ஒருமுறை அவரைப் பார்க்கப் போனார். அவரையும் பார்த்தார், அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தையும் பார்த்தார். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பம்.

முதலில் ஊருக்கு ஒரு தண்ணீர்க் குழாய். அப்புறம் பள்ளிக்குக் கக்கூஸ். அப்புறம் இங்கே எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் ஆளுக்கொரு பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்வது என்றால் ஃபீஸ், புத்தகம், உடுப்பு எல்லாம் இங்கிருந்து போகும். பிள்ளை அங்கேயே இருக்கும். வருஷத்துக்கு ஒரு போட்டோ மட்டும் இங்கே வரும். அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் அந்த மெஸ் அண்ணாதான். எனக்கும் அக்காவுக்கும் அவர் நேபாள மாமா.

அந்த வருஷம் மலையில் குளிர் அதிகம் என்று சித்தப்பா சொன்னதால் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் பிள்ளைக்கு ஸ்வெட்டர் வாங்கப் பணம் கொடுத்திருந்தது. ஸ்வெட்டர் போட்ட படமாக அனுப்பச் சொல்லி சித்தப்பா எழுதியிருந்தார். பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் போட்டோக்கள் வந்தன. அம்மா அவற்றைக் கவருக்குள் போட்டுப் பெயர் எழுத, நான் ஒட்டுவது என்று ஏற்பாடு. பொங்கல் அன்று பார்க்கில் எல்லோரும் கூடும்போது கொடுத்துவிடலாம்.

என்னிடம் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. வாங்கிய நாளிலிருந்து நான் எதையும் வெறும் கண்ணால் பார்ப்பதில்லை. எறும்பு, இட்லி, அப்பாவின் காது எல்லாம் பார்த்து முடித்திருந்தேன். போட்டோக்களையும் பார்த்தேன். நம்ம பொண்ணு சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அடுத்த பையனும் சிவப்பு. அதற்கடுத்த குட்டிப் பெண்ணும் சிவப்பு. எல்லோரும் சிவப்பு.

"யூனிஃபார்ம்டா, லூசு" என்றாள் அக்கா.

யூனிஃபார்ம்தான் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் நம்ம பொண்ணின் ஸ்வெட்டரில் நடுப் பட்டன் மட்டும் வெள்ளை. மற்றதெல்லாம் சிவப்பு. பையனுக்கும் நடுப் பட்டன் வெள்ளை. குட்டிப் பெண்ணுக்கும் வெள்ளை. பெரிய பையன் ஒருவனுக்கு ஸ்வெட்டரின் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. குட்டிப் பெண்ணுக்கு விரலே தெரியவில்லை. ஆனால் பட்டன் மட்டும் எல்லோருக்கும் அதே இடத்தில், அதே வெள்ளை.

அக்கா என் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தாள். பிறகு அதை அம்மாவிடம் நீட்டினாள். ஒட்டின கவர்களை எல்லாம் அம்மா பிரித்தாள். சித்தப்பாவைக் கூப்பிட்டாள்.

சித்தப்பா அத்தனை போட்டோவையும் டைனிங் டேபிளில் பரப்பிவிட்டு நின்றுகொண்டே இருந்தார். என்னை யாராவது சபாஷ் என்பார்கள் என்று நான் பக்கத்தில் காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில், அங்கே சாயங்காலம், அவர் நேபாளத்துக்கு போன் போட்டார். நாங்கள் எல்லோரும் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. நேபாள மாமா பேசுவது சுத்தக் கோயம்புத்தூர்த் தமிழ். மெஸ்ஸில் கற்றுக்கொண்டது.

"சொல்லுங் தம்பி, சாப்டீங்ளா? போட்டோ வந்துச்சுங்ளா?"

"வந்துச்சுண்ணா. எல்லாரும் ஒரே ஸ்வெட்டர் போட்டிருக்காங்க."

"கண்டுபுடிச்சுட்டீங்ளா" என்றார் மாமா.

"பையன் கண்டுபிடிச்சான்."

"கெட்டிக்காரன்" என்றார். எனக்கு வந்த ஒரே சபாஷ் அதுதான். பிறகு சொன்னார்: "ஆலங்கட்டி மழைல பள்ளிக்கூடத்துல ரெண்டு ரூம்புத் தகரம் போச்சுங் தம்பி. ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு வானத்துக்குக் கீழ ஒக்காந்து படிக்கச் சொல்றதுங்ளா? அதுவும் உங்காளுக எடுத்த புள்ளைகளுக்கு மட்டும் ஸ்வெட்டர் குடுத்தா, மத்த புள்ளைக எம் மூஞ்சியப் பாக்குதுங். ஊரே கூடிப் பேசித் தகரம் வாங்கிப் போட்டுட்டோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா."

"ஸ்வெட்டர் போட்டு போட்டோ வேணும்னு எழுதியிருந்தீங். கூரை போட்டோ கேக்கலீங்ளே."

எனக்கோ வேறு சந்தேகம். நான் போனுக்குப் பக்கத்தில் போய், "மாமா, அந்த ஸ்வெட்டர் யாரோடது?" என்று கேட்டேன்.

"எம் பையன் சின்னதுல போட்டதுங் கண்ணு. அவன் கத்தாருக்கு வேலைக்குப் போய்ட்டான். அங்க குளிரு இல்லீங்."

"வெள்ளைப் பட்டன்?"

"அது நம்ம மெஸ்ஸுச் சட்டைப் பட்டனுங்" என்று சொல்லிச் சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை.

போனை வைத்தபிறகு அம்மாதான் முதலில் பேசினாள். "ஆளுக்கு ஒரு போட்டோதான குடுக்கப் போறோம். யாரு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கப் போறாங்க?" என்றாள். சித்தப்பா தலையை ஆட்டினார், ஆமாம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. "தெரிஞ்சா எல்லாரும் விட்டுட்டுப் போயிருவாங்க அண்ணி. நம்ம பொண்ணு அடுத்த வருஷம் மலைக்குக் கீழ பஜார்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கணும். அந்த ஊர்ல அதுக்கு மேல கிளாஸ் இல்ல" என்றார். ஒரு பட்டனைப் பார்த்ததற்கும் நம்ம பொண்ணு படிப்பு நிற்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அன்றைக்குப் பூதக்கண்ணாடியை டிராயரில் வைத்துவிட்டேன்.

பொங்கல் அன்று பார்க்கின் ஷெல்டர் கொட்டகையில் நீள மேஜைகளில் அலுமினிய ட்ரேக்கள் வரிசையாக இருந்தன. சித்தப்பா கவர்களைக் கொடுக்கவில்லை. காலி மேஜை ஒன்றில் போட்டோக்களை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக வைத்தார். காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின்மேலும் ஒரு ஸ்பூன். பிறகு எல்லோரையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். தகரம், ஆலங்கட்டி, வெள்ளைப் பட்டன் எல்லாவற்றையும்.

ஃபார்மசி வைத்திருந்த கீழக்கரை அங்கிள்தான் முதலில் வாயைத் திறந்தார். நல்ல மனுஷர். அவர் வீட்டு ஃபிரிட்ஜிலும் ஒரு பையன் உண்டு. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவனைப் பற்றிப் பேசுவார். அதனால்தான் அவருக்குக் கோபமும் அதிகம்.

"கூரை வேணும்னா கூரைன்னு கேக்கட்டும் தம்பி. நாம குடுக்க மாட்டோமா? இன்னைக்கு ஒரு ஸ்வெட்டர். நாளைக்கு ஒரே பேக்க அத்தனை பேரும் மாத்தி மாத்தி மாட்டிக்கிட்டு நிப்பாங்க. ஒரே சட்டைய ஊரே போட்டு போட்டோ எடுக்கிறதுக்குப் பேரு என்ன? நீங்களே சொல்லுங்க."

"ஸ்டுடியோ கோட்டு."

சொன்னது அப்பா. கூட்டத்தில் பேசுகிறவர் இல்லை அவர். சாம்பார்க் கரண்டியோடு ட்ரேக்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் திரும்பியதும் கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"உடுமலைல பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஒரு ஸ்டுடியோ. அங்க ஆணியில ஒரு கோட்டு தொங்கும். பொண்ணு பாக்கறதுக்குன்னு நான் அதைப் போட்டுத்தான் படம் எடுத்தேன். எங்க தெருவுல பாதிப் பேரு அந்தக் கோட்டுதான்" என்றார்.

யாரோ ஒருவர் சிரித்தார். இன்னொரு அங்கிள், எங்கள் ஊரில் அது டையோடு வரும் என்றார். டையில் ரப்பர் இருக்கும் என்றார் மற்றொருவர். அதற்குள் அம்மா சொன்னாள்: "எனக்கு அந்த போட்டோவைத்தான் காட்டினாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் பெட்டி பீரோ எல்லாம் தேடினேன். கோட்டே இல்ல."

"அப்ப உங்கள ஏமாத்திட்டாரா தங்கச்சி?" என்று கேட்டார் ஃபார்மசி அங்கிள்.

"ஏமாத்தினாருதான். அதுக்கு என்ன பண்றது அண்ணா? ஆளு அவருதான?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது. ஃபார்மசி அங்கிள் மட்டும் சட்டென்று விடவில்லை. "அது வேற, இது வேற. கோட்டு வாங்கன்னு நீங்க யாருகிட்டயும் காசு கேக்கல" என்றார். அது சரிதான் என்று சித்தப்பாவும் ஒப்புக்கொண்டார். சர்க்கரைப் பொங்கலில் ஈ உட்கார்ந்தது.

பிறகு ஃபார்மசி அங்கிள் மேஜைக்கு வந்து, ஸ்பூனை நகர்த்திவிட்டுத் தன் பையனின் போட்டோவை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கைய மடிச்சு விட்டிருக்கான் பாரு. பெருசா இருக்குன்னு" என்றார், யாரிடமும் இல்லாமல். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சித்தப்பாவிடம் சொன்னார்: "கூரைய ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. உள்ள எல்லாப் பிள்ளைகளும் இருக்கணும். நாம எடுத்தது, எடுக்காதது எல்லாம்."

ஒவ்வொருவராக வந்து தங்கள் போட்டோவை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குடும்பம் மட்டும் எடுக்கவில்லை. சாப்பாடு முடிந்து ட்ரேக்களை மூடும்போது, அந்த விரல் தெரியாத குட்டிப் பெண் ஸ்பூனுக்குக் கீழே தனியாகக் கிடந்தாள். அம்மா அவளை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் ஃபிரிட்ஜில் இரண்டு பேர். கதவைத் திறந்தால் இருவரும் ஒன்றாகப் போய்விட்டு ஒன்றாக வருவார்கள். பெரியவள் அடுத்த வருஷம் பஜார் ஹாஸ்டலுக்குப் போனாள்.

கூரை போட்டோ கோடையில் வந்தது. தகரம் வெயிலில் மின்னியதால் பாதிப் படம் வெள்ளையாக இருந்தது. கீழே நிறையப் பிள்ளைகள். நம்ம பொண்ணைக் கண்டுபிடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. சிவப்பு ஸ்வெட்டரை யாரும் போட்டிருக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது பொங்கல் அன்று சாயங்காலம் நடந்ததை. வீட்டுக்கு வந்ததும் டிராயரிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். எங்கள் ஹால் சுவரில் அப்பாவின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, கல்யாணத்துக்கு முந்தினது, கோட்டு போட்டு. பக்கத்தில் சித்தப்பாவின் படம், பள்ளி முடித்த வருஷம், அவரும் கோட்டு போட்டு. அந்தப் படங்களைச் சொல்லி எங்கள் வீட்டில் எல்லோரும் ஆபீசர்கள் என்று வகுப்பில் பீற்றிக்கொண்டிருந்தேன். சோபாவில் ஏறி நின்று பார்த்தேன். அப்பாவின் கோட்டில் இடது காலர் ஓரமாக இஸ்திரி பட்டுக் கருகின மாதிரி ஒரு சின்னப் புள்ளி. சித்தப்பாவின் கோட்டிலும் அதே இடத்தில் அதே புள்ளி. சித்தப்பாவுக்கு விரல்கூட வெளியே தெரியவில்லை.

அப்பா ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இந்தக் கோட்டு இப்ப எங்க?"

"அங்கயேதான் இருக்கும், ஸ்டுடியோல" என்றார், நிமிராமல்.

எனக்குப் பாவமாக இருந்தது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அப்பா மறந்து வந்திருக்கிறார். அடுத்துப் போன சித்தப்பாவாவது எடுத்து வந்திருக்கலாம், அவரும் மறந்துவிட்டார். அத்தனை வருஷமாக யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது எப்படியாவது உடுமலையில் இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிற அந்த ஸ்டுடியோவைக் கண்டுபிடித்து, ஆணியில் தொங்குகிற எங்கள் கோட்டை வாங்கி வந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன்.