கண்டிகை வளைவில் வெள்ளைக் கோடு

நம் ஊர்ச் சாலைகளில் சம்பளத்துக்கு மிதிவண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று நான் சொல்லும்போது, என் குடியிருப்பில் பலர் வீடுதோறும் உணவுப் பொட்டலம் கொண்டுவரும் பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறார்கள். நான் குறிப்பிடுவது பந்தய வீரர்களை. ஒரு நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையை அணிந்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தின்பேரில் ஊர் ஊராகச் சென்று போட்டியிடுகிறவர்கள் அவர்கள். ஒப்பந்தம் நின்றுபோனால் பெரும்பாலோருக்கு வேறு தொழில் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளும் வயதில் அவர்கள் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பந்தயம் ஓட்டியவன் அல்லன். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் பண்டகசாலையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். தாம்பரத்திலிருந்து பல ஆண்டுகள் மிதிவண்டியிலேயே வேலைக்குப் போய்வந்தேன் என்பதைத் தவிர இத்துறையில் எனக்கு உரிமை ஏதுமில்லை. ஓய்வுக்குப் பின் ஒரு பந்தயத்தை வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் ஆள் பற்றாக்குறை என்று கையில் ஒரு கொடியைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து சாலைக் கண்காணிப்பாளன் ஆனேன். விதிமுறைப் புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். குறுக்குத் தெருவிலிருந்து வரும் வாகனங்களைத் தடுப்பது, ஆபத்தான இடத்தில் மஞ்சள் கொடி காட்டுவது, பள்ளங்களை முன்கூட்டியே அடையாளமிடுவது ஆகியவை எங்கள் பணி.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்து ஞாயிறு ஒன்றில், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் ஒரு பந்தயம் நடந்தது. காலை எட்டரை மணி வரைதான் காவல்துறை அனுமதி. கொளப்பாக்கத்துக்கும் மாம்பாக்கத்துக்கும் இடையே ஆறு சுற்றுகள். கண்டிகைக்குச் சற்று முன்னால் உள்ள ஒரு வளைவு என் பொறுப்பில் விடப்பட்டது. வளைவின் உட்புறத்தில், கம்பி வடம் புதைக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம் ஒன்று நீளவாக்கில் கிடந்தது.

அதை அடையாளமிட எனக்கு ஒரு வெள்ளைப் பெயின்ட் குப்பி கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை மாலை அடித்துப் பார்த்தேன், மங்கலாகத் தெரிந்தது. எனக்குத் திருப்தி ஏற்படவில்லை. பள்ளி மைதானத்தில் ஓட்டக்கோடு போடுவதைப்போல், ஞாயிறு விடியலில் இரண்டு கிலோ சுண்ணாம்புத் தூளைக் கொண்டுபோய்ப் பள்ளத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குத் தூவினேன். கோடு நேராகவும் அழுத்தமாகவும் அமைந்தது. நூறு அடிக்கு அப்பாலிருந்தே தெரிகிறது என்று நடந்து சென்று சரிபார்த்துக்கொண்டேன்.

முதல் மூன்று சுற்றுகளில் ஏறத்தாழ நாற்பது வீரர்கள் அந்தக் கோட்டை விட்டு விலகிச் சென்றனர். நான்காம் சுற்றின்போது தூறல் விழுந்தது. ஐந்து நிமிடத்தில் நின்றும்விட்டது. அதற்குள் பின்னால் வந்த உதவி வாகனங்களின் சக்கரங்கள் ஈரச் சுண்ணாம்பை மிதித்து, வளைவின் பாதி அகலத்துக்கு இழுத்துவிட்டிருந்தன. சாலை வெளுத்துப்போனதைப் பார்த்தேன். இன்னும் நன்றாகத் தெரியும் என்றே அப்போது எண்ணினேன்.

ஐந்தாம் சுற்றில் இருவர் கூட்டத்திலிருந்து பிரிந்து முன்னால் வந்தனர். முதலில் நீலச் சட்டை அணிந்தவர். காற்றை அவர் முகத்தில் வாங்கிக்கொள்ள, அவருடைய பின்சக்கரத்துக்கு ஒரு முழ இடைவெளியில் சிவப்புச் சட்டைக்காரர் ஒண்டி வந்தார். இத்தொழிலில் இது சகஜம். அந்த நேரத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு தண்ணீர் லாரி மூக்கை நீட்டியது. நான் அதன் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினேன். முதுகுக்குப் பின்னால் தகரத்தை இழுப்பதுபோன்ற ஓசை கேட்டது.

திரும்பியபோது நீலச் சட்டைக்காரர் வளைவின் நடுவில் கிடந்தார். மிதிகட்டையில் பூட்டியிருந்த இடது காலணி விடுபடாமல் வண்டி அவர்மேல் கிடந்தது. சிவப்புச் சட்டைக்காரர் அவரைத் தாண்டிச் சென்று சற்றுத் தொலைவில் நின்றிருந்தார். பந்தயத்தில் ஒருவர் விழுந்தால் மற்றவர் நிற்க வேண்டும் என்று விதி இல்லை. தூக்கிவிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. ஆனால் பெருங்கூட்டம் அரை நிமிடத் தொலைவில் வந்துகொண்டிருந்தது. சிவப்புச் சட்டைக்காரர் வண்டியை ஓரத்தில் போட்டுவிட்டு, அடியில் இரும்பு பதித்த காலணிகளோடு வழுக்கி வழுக்கி ஓடிவந்து, விழுந்தவரை அக்குளில் கைகொடுத்து வண்டியோடு சேர்த்து ஓரத்துக்கு இழுத்தார். நான் விசில் ஊதி மஞ்சள் கொடியை வீசினேன். கூட்டம் வேகம் தணிந்து, அவர் விழுந்து கிடந்த இடத்தின் மேலாகவே கடந்து சென்றது. வேறு யாரும் விழவில்லை.

அதற்குள் சாலையோரத் தேநீர்க் கடையிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து சூழ்ந்துவிட்டனர்.

"இன்னாபா, இட்ச்சிட்டு இப்போ தூக்கினு கீற?"

"நான் இடிக்கலண்ணா. அவரே சறுக்கி விழுந்தாரு."

"இடிக்காதவன் எதுக்கு நிக்கிறான்? மத்தவன்லாம் போய்க்கினே கீறான்ல?"

"அதான, நின்னான்னாலே இவன்தான்," என்றார் இன்னொருவர்.

ஜி.எஸ்.டி. சாலையில் வாகனம் ஓட்டுகிற எவருக்கும் இந்த நியாயம் புரியும். அடிபட்டவனைத் தூக்க நிற்பவனின் சட்டையைத்தான் நாம் முதலில் பிடிக்கிறோம். இடித்தவன் பெருங்களத்தூரைத் தாண்டியிருப்பான். நல்லவேளையாகச் சிவப்புச் சட்டைக்காரரை யாரும் அப்படிப் பிடிக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபின் அவர் கழன்ற சங்கிலியை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். கடைசிக்குச் சற்று முன்னதாக வந்து சேர்ந்தார் என்று பிறகு அறிந்தேன்.

கொளப்பாக்கத்தில் போட்டிருந்த பந்தலில் விசாரணை நடந்தது. தலைமை நடுவர் ஓர் அம்மையார். விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். எதையும் நிதானமாகக் கேட்பவர். தேநீர்க் கடையிலிருந்து வந்து சூழ்ந்தவர்களில் இருவர் சாட்சி சொன்னார்கள். கையைத் துணியால் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டு வந்த நீலச் சட்டைக்காரரும் பொய் சொல்லவில்லை. தமக்குப் பட்டதைச் சொன்னார்.

"பின்னாலேர்ந்து ஒரு தள்ளு விழுந்த மாதிரி இருந்துச்சு மேடம். பின்சக்கரம் அப்படியே விலகிடுச்சு."

அந்தச் சொல்லைக் கேட்டவுடன் எனக்குச் சுண்ணாம்பின் நினைவு வந்துவிட்டது. வரவில்லை என்று இங்கே எழுதினால் அது பொய்யாகும். பின்சக்கரம் வழுக்கினால் யாரோ தள்ளியதுபோலத்தான் இருக்கும். மழைநாட்களில் வேலைக்குப் போகும்போது எனக்கே அப்படி நேர்ந்ததுண்டு.

தலைமை நடுவர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க அங்கதான இருந்தீங்க. இடிச்சாரா?"

"தண்ணி லாரிய நிறுத்திக்கிட்டு இருந்தேன் மேடம். விழுந்த பிறகுதான் பாத்தேன்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அது போதிய விடையுமில்லை. அவ்வளவில் நிறுத்திக்கொண்டேன். என் வளைவில் அதுவரை ஒருவரும் விழுந்ததில்லை என்ற பெருமை எனக்கு இருந்தது. அதுவே என் வாயை அடைத்தது என்று இப்போது கருதுகிறேன்.

ஆபத்தான முறையில் ஓட்டியதற்காகச் சிவப்புச் சட்டைக்காரர் தகுதி நீக்கம் செய்யப்படுகிறார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பதக்கம் வாங்க வந்தவர்களும் அவர்களைப் படம் பிடிக்க வந்தவர்களும் அதைக் கேட்டார்கள். அவருடைய அணி மேலாளர் கோவைக்காரர். பல்லாவரத்தில் விமான நிலையத்துக்கு அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்தார். "அடுத்த மாசம் ஒப்பந்தம் போடோணும். இந்தப் பேரோட நான் கம்பெனில மேல என்னன்னு சொல்றது?" என்று தம் வீரரிடம் கேட்டுவிட்டு, மற்ற வீரர்களையும் வண்டிகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சிவப்புச் சட்டைக்காரர் மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

தடுப்புக் கூம்புகளை எடுத்துவர நான் வளைவுக்குத் திரும்பினேன். சாலையைத் திறக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. காய்ந்துகொண்டிருந்த சுண்ணாம்பின்மேல் ஒரு கரிய தடம் அரிவாள் வளைவாகச் சென்று, நீலச் சட்டைக்காரர் விழுந்த இடத்தில் முடிந்தது. இரண்டாவது மிதிவண்டியின் தடம் அதிலிருந்து நன்றாக விலகி, வெளிப்புறமாக, நேராகச் சென்றிருந்தது. இரண்டும் எங்கும் தொடவில்லை. கூட்டம் கடந்த சுவடுகள் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக இருந்தும், அந்தக் கரிய தடம் தெளிவாகத் தெரிந்தது.

தேநீர்க் கடைக்காரர் ஒரு பக்கெட் தண்ணீரோடு வந்தார். "கழுவி வுட்டுடலாமா பெரியவரே? ஸ்கூட்டர்காரன் எவனாச்சும் வுழுந்துடப் போறான்."

அவர் சொன்னது சரி. கழுவிவிடுவது என் கடமையும்கூட. கழுவிவிட்டால் கேட்பாரும் இல்லை. அவர் பக்கெட்டைச் சாய்க்கக் குனிந்தார்.

"அஞ்சு நிமிஷம் பொறுங்க," என்று சொல்லிவிட்டுத் தலைமை நடுவருக்குத் தொலைபேசியில் பேசினேன்.

அவர் காரில் வந்து இறங்கினார். குனிந்து விரலால் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார்.

"இது யார் போட்டது?"

"நான்தான் மேடம்."

"பெயின்ட்தான குடுத்தோம்?"

"மங்கலா தெரிஞ்சுது. அதனால இதைப் போட்டேன்."

அவர் தடத்தின் நெடுக நடந்துபோய்த் திரும்பி வந்தார். கைப்பேசியில் நாலைந்து படங்கள் எடுத்தார். "ரெண்டும் சேரவே இல்லையே," என்றார். பிறகு, "இத அங்கயே சொல்லியிருக்கலாமே சார்," என்றார். தேநீர்க் கடைக்காரர் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினார்.

தகுதி நீக்கம் ரத்து என்ற அறிவிப்பை அதே ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அப்போது பந்தலில் நாற்காலி அடுக்குகிறவர்கள்தாம் மிகுதி. மருத்துவமனைக்குப் புறப்படவிருந்த நீலச் சட்டைக்காரர் ஆம்புலன்ஸின் பின்கதவருகே நின்று சிவப்புச் சட்டைக்காரரைக் கூப்பிட்டார்.

"மச்சான், தள்ளுன மாதிரிதான்டா இருந்துச்சு."

"தள்ளியிருந்தா நான் ஏன்டா நிக்கப் போறேன்? நேரா போயி மெடல் வாங்கியிருப்பேன்."

"சாரிடா."

"எலும்பு ஒட்டட்டும். அப்புறம் சொல்லு."

மேலாளருடைய தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. அவருக்கு மாலையில் விமானம். நேரில் சென்று சொல்வதே முறை என்று எனக்குத் தோன்றியது. சிவப்புச் சட்டைக்காரரும் நானும் ஆட்டோவில் வண்டலூர் நிலையத்துக்கு வந்து மின்ரயில் ஏறினோம். அவர் சட்டையை மாற்றியிருந்தார். முழங்காலில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"முதல்லயே சொல்லியிருக்கலாம் சார்," என்றார் தாம்பரத்தில் வண்டி நின்றபோது. "மைக்ல என் பேரச் சொன்னப்ப எங்க அக்கா லைவ்ல பாத்துட்டு இருந்தாங்க."

"சொல்லியிருக்கணும். தப்புதான்," என்றேன்.

குரோம்பேட்டையில் ஓர் இடம் காலியானதும் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டார்.

மேலாளர் விடுதியின் கீழ்த்தளத்தில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் யார் என்பதையும், எதைத் தூவினேன் என்பதையும், தடம் எப்படி இருந்தது என்பதையும் வரிசையாகச் சொன்னேன். தலைமை நடுவர் அனுப்பிய படங்களைக் காட்டினேன். அவர் கை கழுவிவிட்டு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அப்ப தள்ளலைங்கறீங்க."

"தள்ளல. நான் போட்ட சுண்ணாம்புதான் காரணம்."

"சரிங்க. தள்ளலை. ஆனா நின்னுட்டானில்லீங்க? ரெண்டே பேர்தான் முன்னால. ஒருத்தன் விழுந்தாச்சு. இவன் பாட்டுக்குப் போயிருந்தா முதல் இடம். நான் மேல என்னன்னு சொல்றது, ஆளைத் தூக்கிட்டிருந்தான்னா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சுண்ணாம்பைச் சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

"பின்னால நாப்பது பேரு வந்துக்கிட்டு இருந்தாங்க," என்றேன். "விழுந்தவரு ரோட்டு நடுவுல கிடந்தாரு, கால் மாட்டிக்கிட்டு. அந்த நாப்பதுல உங்க ஆளுங்களும் நாலு பேர் இருந்தாங்க. அவர் நிக்காம போயிருந்தா நீங்க இப்ப லாட்ஜ்ல இல்ல, ஆஸ்பத்திரில இருந்திருப்பீங்க."

மேலாளர் எதிரே சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்த தம் மற்ற வீரர்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவர், "ஆமாங்க சார், நான்தான் முன்வரிசைல வந்தேன். ஒதுங்க எடமே இல்ல," என்றார்.

மேலாளர் சிவப்புச் சட்டைக்காரரிடம் கேட்டார். "ஏண்டா, அடுத்த தடவையும் இப்படி நிப்பியா?"

"பின்னாடி கூட்டம் வந்தா நிப்பேன் சார். வரலன்னா போயிடுவேன்."

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரவேற்பாளரிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி என்முன் வைத்தார். "நீங்க சொன்னதெல்லாம் எழுதிக் குடுங்க. அவன் சொன்னதையும் எழுதுங்க. மேல ஒருத்தர் இருக்காரு, அவரு சைக்கிள் ஓட்டுனவரு. அவருக்குப் புரியும்."

என் முகவரியையும் பதவியையும் இட்டு, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதினேன். 'விபத்துக்குக் காரணம்' என்று தனி வரி தொடங்கி, என் பெயரையே முதலில் எழுதினேன். சிவப்புச் சட்டைக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். முடித்துக் கையொப்பமிட்டதும், "தூறல் வந்ததையும் சேத்துக்கங்க சார். எல்லாமே உங்க தப்பில்ல," என்றார். தூறலையும் சேர்த்தேன்.

சிவப்புச் சட்டைக்காரருக்கு ஓராண்டு ஒப்பந்தம் கேட்ட இடத்தில் ஆறு மாதம் கொடுத்தார்கள். அதன்பின் ஓராண்டும் கொடுத்தார்கள். எனக்கு வளைவுப் பணி மறுபடியும் தரப்படவில்லை. தொடக்க இடத்து மேசையில் வீரர்களுக்கு எண் அட்டை கொடுக்கிறேன்.